மேகம் மறைத்த ஊர்களையும் எண்ண வேண்டும்: கேலக்ஸிகளின் கூட்டத்தை அளந்து கரும்பொருளை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

மழை விட்ட ராத்திரியில் கொடைக்கானலின் தெற்கு விளிம்பில் ஒரு மொட்டைமாடியில் நின்று கீழே பாருங்கள். பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுக்க விளக்குகள். ஓரிடத்தில் கொத்தாக இருக்கும், அங்கிருந்து சாலை நெடுக ஒரு கோடு போகும், அப்புறம் வெறும் இருட்டு. ஊரின் எல்லையும் வீட்டுச் சுவரும் அங்கிருந்து தெரியாது. ஆனாலும் விளக்குகள் எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பதை வைத்தே, இது பெரிய ஊர், அது நாலு வீட்டுக் குக்கிராமம் என்று சொல்லிவிடலாம்.

தூரத்துக் கேலக்ஸிகளை வைத்துக் கரும்பொருளை எடைபோடுவதும் இதே வேலைதான். கேலக்ஸிகள் விளக்குகள். அவற்றைத் தன் ஈர்ப்பால் பிடித்து வைத்திருக்கும் கரும்பொருள் திரட்சி, அதாவது ஹாலோ, கண்ணுக்குத் தெரியாத ஊர்.

இப்போது மேகம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சமவெளி மறைந்துவிடும். மேகத்தின் ஓட்டை வழியாகத் தெரியும் விளக்குகள் மட்டும் ஒரு கொத்துப் போலத் தோன்றும். அது ஊரா, ஓட்டையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம். நானும் இயற்பியல் படிக்கும் இரண்டு மாணவர்களும் ஒரு சாதாரண லேப்டாப்பில் செய்து பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

எதை அளக்கப் போகிறோம்

இருபுள்ளி ஒட்டுறவுச் சார்பு என்று பெயர். ஒரு கேலக்ஸியில் நின்றுகொண்டு, இத்தனை தூரத்தில் இன்னொன்று இருக்க என்ன வாய்ப்பு என்று கேட்கிறோம். எல்லாம் கண்டபடி தூவப்பட்டிருந்தால் எவ்வளவு வாய்ப்போ அதைவிட இது எத்தனை பங்கு கூடுதல் என்பதுதான் அளவு. 0 வந்தால் கூட்டம் இல்லை. 1 வந்தால் தூவியதைப்போல இரண்டு மடங்கு. நம் பக்கத்துக் கேலக்ஸிகளுக்கு இந்த அளவு சுமார் 5 மெகாபார்செக் தூரத்தில் 1 ஆகிறது. அங்கிருந்து தூரம் கூடக் கூட, ஏறக்குறைய தூரத்தின் 1.8 அடுக்கில் குறைகிறது. 1969-இல் டோட்சுஜி, கிஹாரா என்ற இரு ஜப்பானியர்களும், அடுத்து 1970-களில் பீபிள்ஸும் கண்ட உண்மை இது.

அலகு பற்றி ஒரு வார்த்தை. ஹப்பிள் மாறிலி 100 என்று வைத்துத் தூரத்தை எழுதுவது இந்தத் துறையின் வழக்கம். நானும் மெகாபார்செக் என்று சொல்லும்போதெல்லாம் அதையே சொல்கிறேன். உண்மைத் தூரம் வேண்டுமென்றால் 0.68-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு.

முதல் படி: பட்டியலைத் தேர்ந்தெடுங்கள்

ஆரம்பிப்பவர்களுக்கு ஸ்லோன் என்ற வான் கணக்கெடுப்பின் பாஸ் என்ற கேலக்ஸிப் பட்டியலைத்தான் சொல்வேன். அதில் சிமாஸ் என்ற பகுதி, செம்பெயர்ச்சி 0.43 முதல் 0.7 வரை உள்ள கனமான கேலக்ஸிகள். செம்பெயர்ச்சி என்பது, பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற அளவு; அது கூடினால் தூரமும் கூடுதல். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலோடு போலிப் பட்டியலும் (மூன்றாம் படியில் சொல்கிறேன்), ஒவ்வொரு கேலக்ஸியையும் எத்தனையாக எண்ண வேண்டும் என்ற எடைகளும் தயாராகக் கிடைக்கும். அதுதான் பெரிய வசதி. டெசி என்ற புதிய கணக்கெடுப்பின் முதல் தொகுதியும் 2025 மார்ச்சில் வெளியாகிவிட்டது. ஆனால் முதல் முயற்சியை பாஸில் செய்யுங்கள், அதன் குறைகள் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தவை.

அந்தக் குறைகளில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அப்பாச்சி பாயிண்ட் மலையில் 2.5 மீட்டர் தொலைநோக்கி. வானத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அலுமினியத் தட்டு செய்து, கேலக்ஸி விழும் இடத்திலெல்லாம் துளை போட்டார்கள். துளைக்கு ஒரு இழை என்று 1,000 கண்ணாடி இழைகளை ஆட்கள் கையாலேயே சொருகினார்கள். இழை கொண்டுபோகும் ஒளியைப் பிரித்த நிறமாலையிலிருந்துதான் செம்பெயர்ச்சி கிடைக்கும். இழையின் முனைக்கு ஒரு பருமன் உண்டு அல்லவா? அதனால் வானத்தில் 62 விகலைக்குள் (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) நெருங்கியிருக்கும் இரண்டு கேலக்ஸிகளில் ஒன்றைத்தான் ஒரே தட்டில் பார்க்க முடியும். கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கும். நாம் அளக்க நினைப்பதே கூட்டத்தை; கருவி தவறவிடுவதும் கூட்டத்தைத்தான். விட்டுப்போன கேலக்ஸியின் கணக்கைப் பக்கத்துக் கேலக்ஸியின் எடையில் சேர்த்து ஓரளவு சரிக்கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் 62 விகலை என்பது செம்பெயர்ச்சி 0.55-இல் சுமார் 0.43 மெகாபார்செக். அதற்குக் கீழே வரும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

எடைகளை விடாதீர்கள். இழை மோதலுக்கு ஒன்று, செம்பெயர்ச்சி கிடைக்காமல் போனதற்கு ஒன்று. இந்த இரண்டையும் கூட்டி 1 கழித்து, நம் பால்வீதியின் விண்மீன் நெரிசலுக்கான எடையால் பெருக்க வேண்டும்.

இரண்டாம் படி: செம்பெயர்ச்சியைத் தூரமாக்குங்கள்

இதற்குப் பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகம் போதும். பிரபஞ்சத்தின் மொத்த அடர்த்தியில் பொருளின் பங்கு 0.31, மிச்சம் 0.69 இருண்ட ஆற்றல் என்று வைத்தால், செம்பெயர்ச்சி 0.55-க்கு இணைவிரிவுத் தூரம் (பிரபஞ்சத்தின் இன்றைய அளவில் சொல்லும் தூரம்) சுமார் 1,430 மெகாபார்செக் வரும். ஒளியாண்டில் ஏறத்தாழ 690 கோடி. உங்களுக்கும் இந்த எண் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: போலிப் பட்டியல்

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

போலிப் பட்டியல் என்பது கூட்டமே இல்லாமல் தூவிய புள்ளிகள். ஆனால் இஷ்டத்துக்குத் தூவக் கூடாது. உண்மைக் கேலக்ஸி எங்கெல்லாம் நம் கண்ணில் பட்டிருக்க முடியுமோ அங்கெல்லாம், பட்டிருக்கக்கூடிய அதே விகிதத்தில் தூவ வேண்டும். பிரகாசமான விண்மீன் மறைத்த வட்டத்தில் போலியும் இருக்கக் கூடாது. தட்டு வைக்காத இடத்திலும் கூடாது. தூரம் போகப் போக மங்கலானவை கண்ணுக்குத் தப்புகின்றன. போலியும் அதே போலக் குறைய வேண்டும். மொட்டைமாடிக் கணக்கில் சொன்னால், மேகத்தின் ஓட்டை எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே போலி விளக்குகளைத் தூவுகிறோம். அப்போதுதான் ஓட்டையின் வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றாகி அடிபட்டுப்போகும். ஊரின் வடிவம் மட்டும் மிஞ்சும்.

எண்ணிக்கையில் போலிகள் நிஜத்தைப் போலக் குறைந்தது 10 முதல் 20 மடங்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் போலிகளின் சொந்தத் தடுமாற்றமே விடையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் முதலில் செய்தபோது தயாராக இருந்த பட்டியலை எடுக்காமல் நானே ஒன்று செய்தேன். வானத்தில் மாஸ்க், அதாவது எங்கே பார்த்தார்கள், எங்கே பார்க்கவில்லை என்ற வரைபடம், சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் மட்டும் கன அளவுக்குச் சமமாகத் தூவிவிட்டேன். சிமாஸ் கேலக்ஸிகள் அப்படி இல்லை. நடுவில் குவிந்து, இரண்டு ஓரத்திலும் தேய்ந்து போகும். விளைவாக 60 மெகாபார்செக் தாண்டியும் ஒட்டுறவு கீழே இறங்காமல் 0.05-இல் படுத்துவிட்டது. கோடு அழகாகவே இருந்தது, அதனால்தான் இரண்டு வாரம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். நிஜம், போலி இரண்டின் செம்பெயர்ச்சிப் பரவலையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. அந்தப் படத்தை நீங்கள் முதல் நாளே வரைந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. போலிகளில் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்து, அதையே நிஜம் என்று வைத்து முழுக் கணக்கையும் ஓட்டுங்கள். எல்லாத் தூரத்திலும் 0 வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை.

நான்காம் படி: ஜோடிகளை எண்ணுங்கள்

மூன்று எண்ணிக்கை தேவை: நிஜம்–நிஜம், நிஜம்–போலி, போலி–போலி. ஒவ்வொரு தூரக் கட்டத்திலும் எத்தனை ஜோடி என்று எண்ணி, மொத்த ஜோடிகளால் வகுக்க வேண்டும். பிறகு 1993-இல் லாண்டியும் ஸாலேயும் தந்த சூத்திரம்:

ஒட்டுறவு = (நிஜநிஜம் − 2 × நிஜபோலி + போலிபோலி) ÷ போலிபோலி

கையால் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. நிஜம் 5,000, போலி 50,000 என்று வைப்போம். ஒரு கட்டத்தில் நிஜநிஜம் 30,000 ஜோடி, மொத்தம் 1,24,97,500 ஜோடி, விகிதம் 0.0024. நிஜபோலி 4,12,500; மொத்தம் 25 கோடி; விகிதம் 0.00165. போலிபோலி 20 லட்சம், மொத்தம் சுமார் 125 கோடி, விகிதம் 0.0016. சூத்திரத்தில் போட்டால் 0.0007 ÷ 0.0016, அதாவது 0.44. இந்தத் தூரத்தில் கேலக்ஸி ஜோடிகள், தூவியதைவிட 44 சதவீதம் அதிகம்.

நிஜநிஜத்தைப் போலிபோலியால் வகுத்து 1 கழிக்கும் எளிய முறை 1974-லேயே வந்துவிட்டது. இதே எண்களுக்கு அது 0.5 தரும். கணக்கெடுப்பின் விளிம்பு ஏற்படுத்தும் தடுமாற்றம் அதில் அதிகம். நடுவே வரும் நிஜபோலி உறுப்பு அந்தத் தடுமாற்றத்தைக் கழித்துவிடுகிறது.

எண்ணுவதற்கு கார்ஃபங்க் அல்லது ட்ரீகார் என்ற பைத்தான் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே இரட்டைச் சுழற்சி எழுதினால் 125 கோடி ஜோடிக்குப் பைத்தான் திணறிவிடும். கொடையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போலிபோலி எண்ணிக்கை முடிந்த உடனே அதைக் கோப்பில் சேமித்துவிடுங்கள். மாஸ்க் மாறாதவரை அதை மறுபடி எண்ண வேண்டியதே இல்லை.

ஐந்தாம் படி: ஓடும் கேலக்ஸிகளைச் சமாளியுங்கள்

செம்பெயர்ச்சியில் பிரபஞ்சத்தின் விரிவு மட்டும் இல்லை, கேலக்ஸியின் சொந்த ஓட்டமும் கலந்திருக்கிறது. பெரிய கொத்து ஒன்றுக்குள் கேலக்ஸிகள் வினாடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில்கூடச் சுற்றும். செம்பெயர்ச்சி 0.55-இல் அந்த வேகம் தூரக் கணக்கில் சுமார் 11 மெகாபார்செக் பிசகைத் தரும். ஒன்றிரண்டு மெகாபார்செக் அகலமுள்ள கொத்து, நம்மை நோக்கி நீட்டிய விரல் போல இழுபட்டுத் தெரியும். இதற்குக் கடவுளின் விரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய தூரங்களிலோ இதற்கு நேர்மாறு. பொருள் குவியும் திசையிலேயே கேலக்ஸிகளும் ஓடுவதால் வடிவம் தட்டையாகிவிடும். 1987-இல் கைசர் இதைக் கணக்காக்கினார்.

வழி இதுதான்: பிரிவைப் பார்வைக்கோட்டின் குறுக்கே ஒன்று, நெடுக ஒன்று என்று இரண்டாக எண்ணுங்கள். நெடுகத் திசையில் 1 மெகாபார்செக் கட்டங்களாக 60 வரை கூட்டி இரண்டால் பெருக்குங்கள். பிசகெல்லாம் நெடுகத் திசையில்தான். அதைக் கூட்டிவிட்டால் பெரும்பகுதி கரைந்துபோகும். கிடைப்பது வீழ்த்திய ஒட்டுறவு. குறுக்குத் தூரக் கட்டங்களை 0.5 முதல் 30 மெகாபார்செக் வரை மடக்கை அளவில் ஒரு 12 வைத்தால் போதும்.

சரிபார்க்க ஒரு எண்: ஒட்டுறவு 5 மெகாபார்செக்கில் 1 ஆகி 1.8 அடுக்கில் குறைகிறது என்றால், குறுக்குத் தூரம் 1-இல் வீழ்த்திய ஒட்டுறவு சுமார் 67 மெகாபார்செக் வரும். சிமாஸ் கேலக்ஸிகள் கனமானவை, அதனால் உங்கள் எண் இதைவிடத் தெளிவாக மேலே இருக்கும்.

நிறமாலை இல்லாமல் படங்கள் மட்டும் கையில் இருந்தால், வானத்தில் கோண ஒட்டுறவை அளந்து லிம்பர் சமன்பாட்டால் முப்பரிமாணத்துக்கு மாற்றலாம். செம்பெயர்ச்சி 3, 4-இல் உள்ள மிகத் தூரத்துக் கேலக்ஸிகளுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான்.

இங்கே பக்கத்து மலையின் பேச்சை எடுக்காமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. ஹைட்ரஜனின் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலை, செம்பெயர்ச்சி 3.35-இலிருந்து கிளம்பினால் இங்கே வந்து சேரும்போது சரியாக அந்த 326.5 ஆகியிருக்கும். கேலக்ஸிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல், அங்கே ஹைட்ரஜன் எப்படித் திரண்டிருக்கிறது என்பதை மொத்தமாக அளப்பதும் அந்தத் தொலைநோக்கியை மேம்படுத்தும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நாம் இங்கே செய்வதன் அண்ணன் முறை அது.

ஆறாம் படி: பிழைக்கோடு

ஜோடி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பிழை என்று போட்டுவிடாதீர்கள். ஒரே கேலக்ஸி நூற்றுக்கணக்கான ஜோடிகளில் வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆகவே கணக்கெடுப்பை 100 துண்டாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை விட்டுவிட்டு அளந்து, எந்தக் கட்டம் எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று சொல்லும் கோவேரியன்ஸ் அணி முழுவதையும் எடுங்கள். துண்டு சிறிதாகிவிடக் கூடாது. 1,430 மெகாபார்செக் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 25 மெகாபார்செக். 30 வரை அளக்கிறோம் என்றால் துண்டின் பக்கம் 2 டிகிரிக்குக் குறையக் கூடாது. அணியைத் தலைகீழாக்கும்போது ஹார்ட்லாப் திருத்தம் போடுங்கள், அதாவது (துண்டு − கட்டம் − 2) ÷ (துண்டு − 1) என்ற எண்ணால் பெருக்குங்கள். 100 துண்டு, 12 கட்டம் என்றால் 86 ÷ 99, அதாவது 0.87.

ஏழாம் படி: ஹாலோவின் எடை

இங்கேதான் விளக்கிலிருந்து ஊருக்குப் போகிறோம். கரும்பொருளின் ஒட்டுறவைக் கோட்பாடு சொல்லிவிடும். கொலோசஸ் நூலகத்தில் செம்பெயர்ச்சி 0.55 கொடுத்தால் எண் வரும். அதையும் அதே போல நெடுகக் கூட்டி வீழ்த்துங்கள். 5 முதல் 20 மெகாபார்செக் வரை உங்கள் அளவை அதனால் வகுங்கள். விகிதத்தின் வர்க்கமூலம்தான் பயாஸ். சிமாஸுக்கு விகிதம் 4-ஐ ஒட்டி வரும், அதனால் பயாஸ் சுமார் 2.

இது எப்படி எடையாகிறது? கனமான ஹாலோ எங்கே வேண்டுமானாலும் உருவாகிவிடாது. ஏற்கெனவே பொருள் அதிகமுள்ள மேட்டுப் பகுதியில்தான் சீக்கிரம் உருவாகும், அதனால் கனமானவை கரும்பொருளைவிட நெருக்கமாகக் கூடியிருக்கும். மோவும் வைட்டும் 1996-இல் இதைச் சூத்திரமாக்கினார்கள். இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது டிங்கர் குழு 2010-இல் தந்த வடிவம். அதில் பயாஸ் 2 என்று போட்டால், செம்பெயர்ச்சி 0.55-இல் ஹாலோவின் எடை சுமார் 10 லட்சம் கோடி சூரியன்கள் என்று வரும். நம் பால்வீதியின் ஹாலோ ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி.

ஆனால் ஒரு சராசரி எடையோடு நிறுத்திக்கொண்டால் அளவின் பாதியை வீணாக்குகிறோம். உங்கள் கோட்டை உற்றுப் பார்த்தால் 1 முதல் 2 மெகாபார்செக் பக்கத்தில் லேசாக ஒடிந்திருக்கும். ஏன் ஒடிகிறது என்று கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தேன். பூம்பாறையிலிருந்து வரும் மாணவி நடுவில் எழுந்து, "சார், இது எங்க பூண்டுப் பாத்தி மாதிரிதானே?" என்று கேட்டாள். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. மண்ணுக்குள் இருக்கும் பூண்டுப் பற்களை மட்டும் புள்ளி வைத்து ஜோடி எண்ணினால், ஒரு அங்குலத்துக்குள் வரும் ஜோடிகள் எல்லாம் ஒரே பூண்டின் பற்கள். அதற்கு மேல் வருபவை அடுத்தடுத்த செடிகளின் பற்கள். ஒரு கணக்கு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் கோடு ஒடியும். ஒரே ஹாலோவுக்குள் இருக்கும் கேலக்ஸி ஜோடிகள் ஒரு பகுதி, வேறு வேறு ஹாலோக்களின் ஜோடிகள் மறு பகுதி. ஒடிவு விழும் இடம் ஹாலோவின் பருமன்.

பூண்டு பெருக்கப் பெருக்கப் பல் கூடுவது போல, ஹாலோவின் எடைக்கு ஏற்ப உள்ளே எத்தனை கேலக்ஸி என்று ஒரு சார்பு எழுதுவதுதான் ஹாலோ நிரப்பு மாதிரி. இதற்கு ஐந்து எண்கள். நடுவே ஒரு கேலக்ஸி இருக்கத் தேவையான எடை, அந்த வாசல் எவ்வளவு மங்கல், துணைக் கேலக்ஸிகள் தொடங்கும் எடை, சராசரியாக ஒரு துணை கிடைக்கும் எடை, அதற்கு மேல் எந்த வேகத்தில் கூடுகிறது என்ற அடுக்கு. ஹாலோடூல்ஸ் நூலகத்தில் மாதிரியைக் கட்டி, அளவோடு பொருந்தும் எண்களைத் தேடித் தரும் எம்சீ நிரலில் ஐந்தையும் ஓடவிடுங்கள். கேலக்ஸிகளின் எண் அடர்த்தியையும் ஒரு கட்டுப்பாடாகச் சேர்க்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் எண்கள் ஒன்றை ஒன்று ஈடுகட்டி அலைபாயும். சிமாஸில் பத்தில் ஒன்று துணைக் கேலக்ஸி என்ற அளவில் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

எட்டாம் படி: விடையைச் சந்தேகியுங்கள்

கூட்டத்தின் அளவு பயாஸை மட்டும் தருவதில்லை. பயாஸும், கரும்பொருள் எவ்வளவு கட்டிகட்டியாகத் திரண்டிருக்கிறது என்ற கட்டித்தன்மையும் பெருக்கிய தொகையைத் தருகிறது. கட்டித்தன்மைக்கு நீங்கள் வைத்த எண் தவறென்றால் ஹாலோவின் எடையும் சத்தமில்லாமல் தவறும். அதனால் வேறொரு வழியில் எடைபோட்டு ஒப்பிட வேண்டும். முன்னால் இருக்கும் கேலக்ஸியின் ஹாலோ, பின்னால் இருப்பவற்றின் ஒளியை வளைக்கும் அல்லவா? அந்த வளைவை அளப்பதே அந்த வழி. சிமாஸுக்கு 2017-இல் அப்படி ஒப்பிட்டபோது, கூட்டத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட வளைவு 20 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. மாதிரியில் குறையா, கட்டித்தன்மையின் எண்ணில் குறையா, கேலக்ஸிகள் ஹாலோவுக்குள் உட்காரும் விதத்தில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றா என்று அதன் பின் நிறையக் கட்டுரைகள் வந்துவிட்டன. நீங்கள் லேப்டாப்பில் பெறும் எடையும் இந்த வழக்கில் ஒரு சாட்சிதான். அதனால் எடையோடு, எந்தக் கட்டித்தன்மை, எந்த பயாஸ் சூத்திரம், எந்தக் குறைந்தபட்சத் தூரம் என்பதையும் எழுதி வையுங்கள்.

நாங்கள் இப்போது டெசி பட்டியலில் இறங்கியிருக்கிறோம். அங்கே தட்டு இல்லை, கையால் சொருகுவதும் இல்லை. 5,000 சிறு ரோபோக்கள் இழைகளை நகர்த்துகின்றன. ஆனால் ஒவ்வொரு ரோபோவும் எட்டக்கூடிய இடம் சின்ன வட்டம்தான். ஆகவே தவறவிடும் விதமும் வேறு. ஒரு ஜோடியைக்கூட இன்னும் எண்ணவில்லை. மாஸ்க் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, எங்கே எதைப் பார்க்க முடியாமல் போயிருக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறோம்.